படத்தில் நிற்பவரும் எம்மவராக இருக்கட்டும்

எமது தோட்டங்களின் டிஸ்பென்சரிச் சுவர்களிலும், பிள்ளை மடுவங்களிலும், கிராம உத்தியோகத்தரின் அலுவலகத்திலும் சுவரொட்டிகளுக்குக் குறைவில்லை. டெங்கு, எலிக்காய்ச்சல், தடுப்பூசி, மண்சரிவு, வாக்காளர் பதிவு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு தாள் ஒட்டப்பட்டிருக்கும். சபரகமுவ மாகாணத்தில் இவற்றுட் பல சிங்களத்தில் மட்டுமே வந்து சேருகின்றன என்பது எமது மக்களின் நீண்டகால முறைப்பாடு. அது நியாயமான முறைப்பாடு. ஆனால் நாளையே எல்லாத் தாள்களும் நல்ல தமிழில் அச்சாகி வந்தாலும், அவற்றால் பயன்பெற முடியாத ஒரு பகுதியினர் எம்மிடையே வாழ்கின்றனர். அவர்களைப் பற்றியே இங்கு சிந்திக்க விரும்புகிறோம்.

ஒன்றைக் கற்றுக் கொள்வதற்கும், விளங்கிக் கொள்வதற்கும், நினைவில் வைத்திருப்பதற்கும் மற்றவர்களைவிடக் கூடுதலான நேரமும் துணையும் தேவைப்படுகின்ற மனிதர்கள் இவர்கள். அறிவு வளர்ச்சிக் குறைபாடு உடையோர் என்று இவர்களைக் குறிப்பிடுகிறோம். இது மனநோய் அன்று. மந்திரித்தாலோ மருந்து கொடுத்தாலோ மாறிவிடும் ஒன்றும் அன்று. பிறப்பிலிருந்தோ சிறு வயதிலிருந்தோ தொடர்ந்து வருகின்ற ஒரு நிலை. லயங்களில் இவர்களை அழைப்பதற்கு வழங்கும் பெயர்களை இங்கே எழுதத் தேவையில்லை. அவை எல்லாருக்கும் தெரிந்தவையே.

இலங்கையின் 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி, 5 வயதும் அதற்கு மேற்பட்டவர்களுமான மக்களுள் 8.7 சதவீதத்தினர், அதாவது ஏறத்தாழ 16 இலட்சம் பேர், பார்த்தல், கேட்டல், நடத்தல், நினைவிற் கொள்ளுதல், தம்மைத் தாமே பராமரித்தல், தொடர்பாடல் ஆகியவற்றுள் ஏதோவொன்றிலாவது சிரமம் உடையவர்களாக இருந்தனர். கண் தெரியாதவருக்குக் கைத்தடியும் நடக்க முடியாதவருக்குச் சக்கர நாற்காலியும் தேவை என்பதை எவரும் இலகுவில் ஏற்றுக் கொள்வர். விளங்கிக் கொள்வதில் சிரமப்படுபவருக்கு என்ன தேவை என்று கேட்டால், பெரும்பாலும் பதில் கிடைப்பதில்லை. "அதுக்கு என்ன சொன்னாலும் விளங்காது" என்று சொல்லி முடித்துவிடுவதே வழக்கமாக உள்ளது.

விளங்கும்படி சொல்லும் முறை

விளங்காததற்குக் காரணம் கேட்பவரிடம் மட்டும் இருப்பதில்லை. சொல்கின்ற முறையிலும் இருக்கிறது. இதனைப் பல நாடுகள் நெடுங்காலத்துக்கு முன்னரே உணர்ந்து கொண்டன. சுவீடனில் இலகுவாக வாசிக்கக்கூடிய முதல் நூல் 1968இல் வெளியானது. 'எட்டுப் பக்கங்கள்' என்று பொருள்படும் பெயரில் ஓர் இலகு செய்தித்தாள் அங்கு 1984 முதல் வெளிவருகிறது. இங்கிலாந்தில் மனநல மருத்துவரான ஷீலா ஹொலின்ஸ் 1989இல் சொற்களே இல்லாத படக்கதை நூல்களை வெளியிடத் தொடங்கினார். தாயோ தந்தையோ இறந்துபோனால் என்ன நடக்கிறது என்பதை, வாசிக்கத் தெரியாத ஒருவரும் படங்களைப் பார்த்தே விளங்கிக் கொள்ள வேண்டும் என்பது அம்முயற்சியின் தொடக்கமாக இருந்தது.

2009இல் ஐரோப்பிய அமைப்புகள் சேர்ந்து இலகு தகவலுக்கான விதிகளை வகுத்தன. சிறிய வசனங்கள், ஒரு வசனத்தில் ஒரு கருத்து, பெரிய எழுத்து, ஒரே பொருளைக் காட்ட எப்போதும் ஒரே படம் என்பன அவற்றுட் சில. வளர்ந்தவர்களுக்கான தாளில் குழந்தைப் படங்களைப் போடக்கூடாது என்பதும் ஒரு விதி. எழுதும்போது அந்த மக்களையும் சேர்த்துக் கொண்டே எழுத வேண்டும் என்பது எல்லாவற்றிலும் முக்கியமான விதி.

எமது நாட்டின் நிலையையும் நோக்குவோம். 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் வலது குறைந்தோரின் உரிமைகளைப் பாதுகாப்பதற்காக இயற்றப்பட்டது. 2006இல் வந்த ஒழுங்குவிதிகள் பொதுக் கட்டடங்களுக்குள் அவர்கள் சென்றுவர வசதி செய்யுமாறு கூறின. ஐக்கிய நாடுகளின் வலது குறைந்தோர் உரிமைகள் சமவாயத்தில் இலங்கை 2007இல் கைச்சாத்திட்டு, 2016இல் அதனை ஏற்று உறுதி செய்தது. அச்சமவாயத்தின் 21ஆம் உறுப்புரை, பொதுமக்களுக்குக் கொடுக்கப்படும் தகவல்களை வலது குறைந்தோருக்குப் பொருத்தமான வடிவத்தில், மேலதிகக் கட்டணமின்றி, உரிய காலத்தில் கொடுக்குமாறு அரசாங்கங்களைக் கேட்கிறது. கட்டடப் படிக்கட்டின் பக்கத்தில் சாய்வுப் பாதை அமைக்க வேண்டும் என்பதை இன்று அதிகாரிகள் அறிந்திருக்கின்றனர். தகவலுக்கும் அவ்வாறான ஒரு பாதை அமைக்க வேண்டும் என்பது இன்னும் அவர்களுடைய மேசைக்கு வந்து சேரவில்லை என்றே தோன்றுகிறது.

படத்தில் நிற்பவர் யார்?

இலகு தகவலில் படம் பாதி வேலையைச் செய்கிறது. கோடுகளால் வரைந்த அடையாளங்களைவிடப் புகைப்படத்தையே தெளிவாக விளங்கிக் கொள்பவர்கள் பலர் உள்ளனர். ஆனால் எல்லாப் புகைப்படமும் உதவுவதில்லை. பின்னால் பத்துப் பொருட்கள் தெரிந்தால் கண் எதைப் பார்ப்பது? ஆகவே வெறுமையான பின்னணி, ஒரு மனிதர், ஒரு செயல், தெளிவான முகபாவம் என்று எடுக்க வேண்டியுள்ளது.

இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் இயங்கும் போட்டோசிம்பல்ஸ் என்னும் நிறுவனம் இவ்வகைப் படங்களைச் சேர்த்து வழங்குவதையே தனது தொழிலாகக் கொண்டுள்ளது. மருத்துவமனைகளும் உள்ளூராட்சி மன்றங்களும் தமது இலகு தாள்களுக்கு இப்படங்களைப் பயன்படுத்துகின்றன. அப்படங்களில் வைத்தியரிடம் செல்பவராக, வாக்களிப்பவராக, வயிற்று வலியால் துடிப்பவராக, கோபப்படுபவராக, வேலை கேட்டுச் செல்பவராக நிற்பவர்கள் அறிவு வளர்ச்சிக் குறைபாடு உடையவர்களே. அவர்கள் நடிக்கிறார்கள். வலியைக் காட்டுபவருக்கு அந்நேரத்தில் வலி இல்லை. கோபத்தைக் காட்டுபவருக்குக் கோபம் இல்லை. ஒரு நாடகக் கலைஞர் செய்வதையே அவர்களும் செய்கின்றனர்.

இதனால் வருகின்ற பயன் இரண்டு. தாளைக் கையில் எடுப்பவர் தம்மைப் போன்ற ஒருவரை அதிற் காண்கிறார். "இது எனக்கான விடயம்" என்று அறிந்து கொள்கிறார். தாளைக் கொடுக்கின்ற தாதியும் எழுதுவினைஞரும், அந்த மனிதர் தானாக மருந்து எடுக்கவும் வாக்களிக்கவும் கூடியவர் என்பதைப் பார்க்கின்றனர். இந்த இரண்டாவது பயனை நாம் குறைத்து மதிப்பிடக்கூடாது.

இத்தகைய மக்களுக்கு நடிக்கும் ஆற்றல் உண்டா என்று ஐயப்படுவோர் வெளிநாட்டைப் பார்க்கத் தேவையில்லை. 2000ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட சுனேரா மன்றம், அறிவு வளர்ச்சிக் குறைபாடு உடையோரையும் ஏனைய வலது குறைந்தோரையும் நாட்டின் பல பாகங்களிலும் மேடையேற்றி வந்துள்ளது. மலையகத்தில், 1988இல் நுவரெலியாவில் தொடங்கப்பட்ட மென்காபெப் அமைப்பு தோட்டப் பிள்ளைகளையும் சேர்த்துக் கொண்டு பணியாற்றி வருகிறது. ஆற்றல் இருக்கிறது. அந்த ஆற்றலிடம் என்ன கேட்கிறோம் என்பதே கேள்வி.

எம்மைப் பிடித்த படங்கள்

படம் பிடிக்கப்படுவது தோட்ட மக்களுக்குப் புதிதன்று. இங்கிலாந்தின் புகழ்பெற்ற புகைப்படக் கலைஞரான ஜூலியா மார்கிரெட் கமெரன் 1875இல் இலங்கைக்கு வந்து, 1879இல் இங்கேயே காலமாகி, பொகவந்தலாவையில் அடக்கம் செய்யப்பட்டவர். அவருடைய குடும்பத்துக்குக் கோப்பித் தோட்டங்கள் இருந்தன. இங்கு அவர் பிடித்த படங்களில் தமிழ் உழைப்பாளிகள் நிற்கின்றனர்; பெரும்பாலானவற்றில் அவர்களுடைய பெயர் இல்லை. அதன் பின்னர் அஞ்சலட்டைகளிலும் தேயிலைப் பெட்டிகளிலும் உல்லாசப் பயணச் சுவரொட்டிகளிலும் கூடையுடன் சிரிக்கும் கொழுந்துப் பெண் உலகமெங்கும் சென்றாள். அவளிடம் எவர் கேட்டார், அவளுக்கு என்ன கொடுத்தார் என்பதை ஒவ்வொரு தோட்டத்து மூதாட்டியும் சொல்வார்.

அறிவு வளர்ச்சிக் குறைபாடு உடையோருக்கு இன்னொரு வகைப் படமும் காத்திருக்கிறது. நன்கொடை கேட்கும் தாளில், கலைந்த தலையும் அழுக்குச் சட்டையுமாக, பார்ப்பவர் மனம் இளகும்படி எடுக்கப்படும் படம் அது. அந்தப் படம் பணம் சேர்த்துக் கொடுக்கலாம். ஆனால் அதே மனிதர் மறுநாள் வேலை கேட்டு அலுவலகத்துக்குச் செல்லும்போது, அந்தப் படமே அவருக்கு முன்னால் சென்று கதவை மூடிவிடுகிறது.

நாம் கேட்பது இவ்விரண்டிலிருந்தும் வேறுபட்ட படம். அதில் நிற்பவர் ஒரு செய்தியைச் சொல்லிக் கொடுப்பவராக நிற்கிறார்.

எமது மண்ணுக்கு எவை தேவை?

வெளிநாட்டுப் படங்களை அப்படியே எடுத்து ஒட்டினால் போதாதா என்று சிலர் கேட்கலாம். அந்தப் படத்தில் குழாயைத் திறந்தால் அடுப்படிக்குள்ளேயே சுடுநீர் வரும். எமது ஆட்கள் பீலியில் கை கழுவுகின்றனர். அங்கு வைத்தியசாலை என்றால் கண்ணாடிக் கதவும் வெள்ளை முகங்களும். இங்கு இரு அறை டிஸ்பென்சரியும் வாசலில் ஒரு வாங்கும். அங்கு மாத்திரை பெட்டியில் வருகிறது. இங்கு அரசாங்க ஆஸ்பத்திரியில் சிறிய கடதாசி உறையில், மேலே எண்கள் கிறுக்கப்பட்டு வருகிறது. கண்ணால் கண்டு பழகியதை வைத்தே உலகைப் புரிந்து கொள்ளும் ஒருவருக்கு இவ்வேறுபாடுகள் சிறியவை அல்ல.

சபரகமுவவில் இத்தேவை அவசரமானது. 2016 மே 17 அன்று கேகாலை மாவட்டத்தில் அரநாயக்கவில் சாமசர மலை சரிந்து கிராமங்களை மூடியது. அதே நாளில் புளத்கொஹுபிட்டிய களுபஹன தோட்டத்தில் லய அறைகளில் இருந்தவர்கள் மண்ணுள் புதையுண்டனர். 2017 மே மாதத்தில் இரத்தினபுரி மாவட்டத்தில் வெள்ளமும் மண்சரிவும் உயிர்களைப் பறித்தன. 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி வந்தபோது மலைநாடு முழுவதும் மண் சரிந்தது. கேகாலை மாவட்டமும் தப்பவில்லை.

தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கையை மூன்று நிறங்களில் விடுக்கிறது. மஞ்சள் என்றால் விழிப்பாக இருத்தல், செம்மஞ்சள் என்றால் வெளியேறுவதற்கு ஆயத்தமாக இருத்தல், சிவப்பு என்றால் உடனே வெளியேறுதல். நல்ல ஏற்பாடுதான். ஆனால் பெற்றோர் இருவரும் மலைக்கோ பால்வெட்டுக்கோ சென்றுவிட்ட பகல் வேளையில், காம்பராவில் தனியே இருக்கும் முப்பது வயது மகனுக்கு இந்த நிறங்களின் பொருளை யார் சொன்னார்கள்? சுவரில் வெடிப்பு, சாய்ந்த மரம், திடீரெனக் கிளம்பிய ஊற்று, கலங்கி வரும் பீலித் தண்ணீர் என்னும் நான்கு அடையாளங்கள். அதற்கடுத்து, அவனைப் போன்ற ஒருவன் பையை எடுத்துக் கொண்டு பாடசாலையை நோக்கி நடக்கும் படம். இவ்வளவையும் ஒரே தாளில் அடக்கலாம். அத்தாளை வைத்து நான்கு தடவை நடந்தும் பழக்கினால், ஐந்தாம் தடவை அவன் தானாக நடப்பான். பக்கத்துக் காம்பராவிலுள்ள பாட்டியையும் கூட்டிக் கொண்டு போகக்கூடும்.

எலிக்காய்ச்சலும் அவ்வாறே. இரத்தினபுரியும் கேகாலையும் இந்நோய் கூடுதலாகக் காணப்படும் மாவட்டங்கள். காலில் புண்ணோடு கான் வெட்டவோ வயலில் இறங்கவோ செல்பவருக்கு எலியின் சிறுநீர் கலந்த நீரால் கிருமி தொற்றுகிறது. புண்ணை மூடுதல், செருப்பு அணிதல், காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் வந்தால் உடனே வைத்தியரிடம் செல்லுதல் ஆகியவற்றை மூன்று படங்களில் காட்டிவிடலாம். கான் வேலைக்கு இத்தகைய இளைஞர்களைத்தானே முதலில் அனுப்புகின்றனர்?

இன்னொரு நன்மையும் உண்டு. படத்துக்கு மொழி இல்லை. ஒரே படத்தின் கீழே ஒரு வரி தமிழும் ஒரு வரி சிங்களமும் அச்சிட்டால், தோட்டத்துக்கும் பக்கத்துக் கிராமத்துக்கும் அது பொதுவாகும். எழுத்தறிவு குறைந்த முதியோருக்கும் அது உதவும்.

குடும்பங்களின் அச்சம்

இதற்கு எதிராகக் குடும்பங்கள் சொல்வதையும் நாம் மதித்துக் கேட்க வேண்டும். "இப்படி ஒரு பிள்ளை இருப்பது ஊருக்குத் தெரிந்தால் தங்கச்சிக்கு எப்படி மாப்பிள்ளை தேடுவது?" என்று தாய்மார் கேட்பர். இதனை அறியாமை என்று தள்ளிவிட முடியாது. எமது சமூகம் அந்தத் தாயை அப்படிப் பயப்பட வைத்திருக்கிறது.

வேறொரு அபாயமும் உண்டு. இங்கிலாந்தின் ஒரு நகரத்தில் படத்துக்கு நிற்பவரைத் தெருவில் அடையாளங் காண்பவர் சிலரே. எமது தோட்டத்தில் ஒவ்வொருவரும் ஒவ்வொருவருக்கும் தெரிந்தவர். காசநோய்த் தாளில் நிற்பவரைப் பார்த்து, "அவனுக்குக் காசமாமே" என்று மறுநாட் காலைப் பிரட்டுக்களத்திலேயே பேச்சு எழும். பாலியல் தொல்லையிலிருந்து தற்காத்துக் கொள்ளும் தாளில் ஒரு பெண் நின்றால் அவளுடைய நிலை என்ன? இவ்வகைத் தாள்கள் மிகவும் தேவை. விளங்கிக் கொள்ளும் ஆற்றல் குறைந்த பெண்களே எளிதில் இரையாகின்றனர். ஆனால் அவற்றுக்கு உள்ளூரவரை நிறுத்தக்கூடாது. தொலைவிலுள்ள வேறு மாவட்டத்தவரின் படத்தையோ வரைந்த படத்தையோ பயன்படுத்துவதே நீதியானது. கைத்தொலைபேசியில் ஒரு படம் ஒரு தடவை வெளியே போனால் அதனைத் திருப்பி அழைக்க முடியாது என்பதையும் மறக்கலாகாது.

கேட்க வேண்டும், கொடுக்க வேண்டும்

ஆகவே இம்முயற்சியில் ஈடுபட விரும்பும் தோட்டக் குழுக்களும் நிறுவனங்களும் சில ஒழுங்குகளைக் கடைப்பிடிக்க வேண்டும் என்று கருதுகிறோம்.

முதலாவதாக, சம்பந்தப்பட்ட ஆளிடமே கேட்க வேண்டும். அப்பாவிடம் கையெழுத்து வாங்குவது போதாது. அச்சான ஒரு தாளைக் கையிற் கொடுத்து, "இங்கே உங்கள் முகம் வரும், டிஸ்பென்சரியில் ஒட்டுவார்கள், எல்லாரும் பார்ப்பார்கள், விருப்பமா?" என்று கேட்க வேண்டும். ஒரு நாள் கேட்டுவிட்டு, சில நாட்கள் கழித்து மறுபடியும் கேட்க வேண்டும். இரண்டு தடவையும் 'ஆம்' என்றால்தான் ஆம். தலையைத் திருப்பிக் கொள்வதும், எழுந்து போய்விடுவதும் 'வேண்டாம்' என்பதற்கான பதில்களே. பதினெட்டு வயது நிறைந்தவர்களையே இவ்வாறு கேட்க வேண்டும்.

இரண்டாவதாக, உடுப்பை அவரே தெரிவு செய்யட்டும். எடுத்த படத்தை அவருக்கு முதலில் காட்ட வேண்டும். பிடிக்காததை அச்சுக்குக் கொடுக்கக்கூடாது.

மூன்றாவதாக, அந்தத் தாள் விளங்குகிறதா என்று பார்ப்பவர்களும் அவர்களாகவே இருக்க வேண்டும். படத்தைக் காட்டி, "இவர் என்ன செய்கிறார்?" என்று கேட்டால் போதும். வேறு பதில் வந்தால் படம் பிழை, ஆள் பிழையல்ல.

நான்காவதாக, கூலி. இதில் நாம் உறுதியாக இருக்க வேண்டும். தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்குப் 'பேர்' போடுகின்றனர். நிறை குறைந்தால் அரைப் பேர். இம்மக்களுள் வேலைக்குச் செல்பவர்கள் அரைப் பேருக்குப் பழகிப்போனவர்கள். பலருக்கு அதுவும் இல்லை, ஒரு சாப்பாட்டோடு அனுப்பப்படுகின்றனர். படத்துக்கு நின்ற நாளுக்கு முழுப் பேர் கொடுக்கப்பட வேண்டும். அது பிஸ்கட் பக்கற்றாகவோ, புதுச் சட்டையாகவோ, பெற்றோரின் கையிற் கொடுக்கும் உறையாகவோ இருக்கக்கூடாது. அவருடைய கையில் பணமாக இருக்க வேண்டும். படப்பிடிப்பாளருக்குக் கூலி உண்டு, அச்சகத்துக்குக் கூலி உண்டு. முகத்தைக் கொடுத்தவருக்கு மட்டும் "நல்ல காரியம்தானே" என்று சொல்வது, கொழுந்துப் பெண்ணுக்குச் செய்ததையே மறுபடியும் செய்வதாகும்.

இதற்குப் பெரும் நிதி தேவையில்லை. ஒரு வெள்ளைப் படங்குச் சீலை, நல்ல வெளிச்சமுள்ள முற்பகல், ஒரு கைத்தொலைபேசி, பொறுமையுள்ள இரண்டு பேர் ஆகியன இருந்தால் தொடங்கலாம். சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகமும், பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியமும், பிரதேச செயலகத்தின் சமூக சேவைப் பிரிவும் கைகொடுத்தால், எஹலியகொடையிலிருந்து பலாங்கொடை வரையும், தெரணியகலையிலிருந்து எட்டியாந்தோட்டை வரையும் பயன்படக்கூடிய ஒரு படத்தொகுதியைச் சபரகமுவவிலேயே உருவாக்கலாம். முதலாவது தாள் மண்சரிவைப் பற்றியதாக இருக்கட்டும். அடுத்த மழைக்காலம் வருவதற்கு முன்னர் அது லயங்களின் இஸ்தோப்புச் சுவர்களில் இருக்க வேண்டும்.

வாசகர்களாகிய உங்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் தோட்டத்தில் இத்தகைய ஆட்கள் எத்தனை பேர், பகலில் அவர்கள் எங்கே இருக்கின்றனர், அவர்களோடு யார் இருக்கின்றனர் என்பதைத் தோட்டக் குழுவின் அடுத்த கூட்டத்தில் கேளுங்கள். பெயர்களைப் பதிவு செய்யும்போது வீட்டாரிடம் மட்டும் பேசிவிட்டுத் திரும்பாதீர்கள். உள்ளே இருப்பவரையும் அழைத்து, உட்கார வைத்து, மெதுவாகப் பேசிப் பாருங்கள். படத்துக்கு நிற்கச் சம்மதிப்பாரா என்பது பின்னர் கேட்க வேண்டிய கேள்வி. சிவப்பு எச்சரிக்கை வந்தால் எங்கே போக வேண்டும் என்று அவருக்குத் தெரியுமா என்பதை முதலில் கேளுங்கள்.